‘ஒரே தப்பு, உடனே டி.சி.’: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும், கடைசி சில வருடங்கள் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் மாதம் வந்தால் போன் ஓயாது. பாலக்கோட்டிலிருந்து ஒருவர், ஊத்தங்கரையிலிருந்து ஒருவர், அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒருவர் என்று கூப்பிடுவார்கள். ஊர் மாறினாலும் பேச்சு ஒன்றுதான்: “சார், பையனுக்கு டி.சி. கொடுக்கறேன்றாங்க. கொடுக்கலாமா?” தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இளம் ஆசிரியர்கள் கேட்பதும் இதில் உண்டு.

பள்ளி டைரியில் ‘ஜீரோ டாலரன்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்படி என்றால் என்ன?

குறிப்பிட்ட சில தப்புகளுக்கு முன்கூட்டியே தண்டனை எழுதி வைத்துவிடுவது. செய்தவன் யார், முதல் தடவையா, ஏன் செய்தான் என்று எதையும் பார்க்க மாட்டார்கள். டைரியில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கண்டிப்பான பள்ளி என்பது வேறு, இது வேறு. கண்டிப்பான வாத்தியார் விசாரிப்பார். விசாரணையே வேண்டாம் என்பதுதான் இந்த விதியின் சாரம்.

இது எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. 1980-களில் அங்கே போதைப்பொருள் கடத்தலை ஒடுக்கும்போது புழங்கிய சொல் இது. 1994-ல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஒரு வருடம் நீக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதைச் செய்யாத மாநிலத்துக்கு மத்திய அரசின் கல்வி நிதி கிடையாது. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு பயம் இன்னும் கூடியது. துப்பாக்கிக்குப் போட்ட விதி கத்திக்கு வந்தது, கத்தியிலிருந்து மாத்திரைக்கு, மாத்திரையிலிருந்து எதிர்த்துப் பேசுவதற்கு. 2013-ல் மேரிலாந்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் தின்பண்டத்தைக் கடித்துக் கடித்துத் துப்பாக்கி மாதிரி ஆக்கினான் என்று இடைநீக்கம் செய்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 1994 சட்டத்திலேயே, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பார்த்துத் தண்டனையை மாற்றிக்கொள்ள அதிகாரிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பயத்தில் அந்த வரியை மறந்தவர்கள்தான் அதிகம்.

அங்கே பலன் கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்த விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பானதற்கோ பிள்ளைகளின் நடத்தை திருந்தியதற்கோ ஆதாரம் இல்லை என்றது. டெக்சாஸில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு தடவையாவது இடைநீக்கமோ நீக்கமோ ஆனவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம். பத்தில் ஆறு பேரை வெளியே அனுப்புகிற விதியில் கோளாறு பிள்ளைகளிடமா இருக்கும்? கறுப்பினப் பிள்ளைகள் மேல் இந்த அடி அதிகமாக விழுந்தது என்பதும் அங்கே பெரிய விவாதம். 2014-ல் அரசே ‘கொஞ்சம் நிதானமாகப் போங்கள்’ என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஆட்சி மாறிய பிறகு, 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். விவாதம் இன்னும் தீரவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளையை நீக்க முடியுமா?

முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 16. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. 2019-ல் இந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போட மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நீக்கக் கூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது.

ஆக, ஆறாம் வகுப்புப் பையனின் டைரியில் ‘உடனடி நீக்கம்’ என்று அச்சடித்திருந்தால் அது வெறும் மிரட்டல். அந்தப் பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டம் மாறிவிடாது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை?

இங்கேதான் சிக்கல். அந்தச் சட்டத்தின் காவல் எட்டோடு முடிகிறது. அதற்கு மேல் நீக்கவே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், பிள்ளை தரப்பைக் கேட்க வேண்டும், பிறகுதான் முடிவு. இயற்கை நீதி என்பார்கள். விசாரிக்காமல் காலையில் பிடித்து மாலையில் டி.சி. கொடுத்த முடிவு நீதிமன்றத்துக்குப் போனால் நிற்பது கஷ்டம். ஆனால் காரிமங்கலத்தில் தக்காளி பறிக்கப் போகிற அம்மா எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? அந்தத் தைரியத்தில்தான் பலர் செய்கிறார்கள்.

‘நீங்களே எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிக்குங்க, இல்லாட்டி நடத்தை சரியில்லைன்னு எழுதிடுவோம்’ என்கிறார்கள். என்ன செய்வது?

எழுதிக் கொடுக்காதீர்கள்.

பள்ளி நீக்கினால் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முடிகிற ஏப்ரல், மே மாதத்தில் இந்தக் கடிதங்கள் கூடுதலாகச் சேரும். ஒழுக்கக் கேடு என்று பெயர், உள்ளே பார்த்தால் கணக்கில் 28 மார்க். இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது என்று சொல்லவில்லை. நடக்கிற இடத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

டி.சி.யில் நடத்தை என்ற இடம் சின்னக் கட்டம்தான். அதில் ‘நன்று’ என்று எழுதுவது வழக்கம். அந்த இடத்தில் ‘திருப்தி இல்லை’ என்று விழுந்துவிட்டால் இருபது கிலோமீட்டர் சுற்றளவில் எந்தத் தலைமையாசிரியரும் அந்தப் பிள்ளையைச் சேர்க்க யோசிப்பார். மிரட்டலின் பலமே அந்தக் கட்டம்தான். அப்புறம், ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது, அதில் பாக்கி விவரம் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) இருந்தது. பிடித்துவிட்டார்கள். இதற்குமா பொறுத்துப் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் செய்த தப்பையே பதிலாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன். வகுப்பில் கேள்வி கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று அறிவியல் ஆசிரியர் என் அறைக்குக் கூட்டி வந்தார். கீழுதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், உள்ளே டீத்தூள் பை மாதிரி வெள்ளையாகச் சின்னப் பொட்டலம். ஈறு அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. எனக்கு அன்றைக்கு என்ன கோபமோ, “அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, டி.சி. கிழிச்சிடறேன்” என்றேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. மறுநாள் பாட்டி வந்தார், கையில் ரேஷன் பை. நான் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தார். “பையனுக்குப் புத்தி சொல்லுங்க சாமி” என்றார். நான் டி.சி.யைக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு என்பதால் கல்வி உரிமைச் சட்டத்தின் பயமும் எனக்கு இல்லை.

அந்த வகுப்பில் பொட்டலம் நின்றதா? நிற்கவில்லை. பள்ளிச் சுவரிலிருந்து அறுபது அடியில் இருந்த பெட்டிக்கடையில் அது அவன் போன பிறகும் விற்றது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் வருடச் சட்டம். குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 77. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. ஆனாலும் ஓசூரைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி, மூட்டை மூட்டையாக வரும் வழி எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு சட்டமும் கையில் இருக்க, நான் பிடித்தது பதினாலு வயசுப் பையனை. ‘எந்தக் கடையில் வாங்கினாய்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணை இல்லாத விதியில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லையே.

இன்றைக்கு என்றால் என்ன செய்வேன்? பொட்டலத்தைக் காகிதத்தில் மடித்து, தேதி போட்டு வைப்பேன். கடையைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் புகார் கொடுப்பேன். பையனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வாயைப் பார்க்கச் சொல்வேன். தண்டனை எல்லாம் அதற்குப் பிறகு.

அஞ்சு நிமிஷம் லேட் ஆனாலும் கேட்டைப் பூட்டுகிறார்கள்.

பூட்டுகிறவர் ஒருநாள் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பார்க்கட்டும். ரோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். ‘யானை சார்’ என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று சிரிக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது சாக்கு இல்லை, செய்தி. பள்ளி நேரத்தில் பிள்ளையை ரோட்டில் நிறுத்தினால், அங்கே ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கேட் திறந்துவிடும்.

முடி வெட்டு?

பாக்ஸ் கட்டிங்குக்கு எல்லாம் டி.சி. என்றால் நான் படித்த காலத்தில் பாதி வகுப்பு காலி. வெட்டிக்கொண்டு வா என்று சொல்லலாம், இரண்டு நாள் தரலாம். பள்ளி வாசலில் நாற்காலி போட்டு எல்லார் முன்னாலும் மழிப்பது அவமானப்படுத்துவது. அதைச் செய்யாதீர்கள்.

‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று நாங்களே சொல்கிறோம். நீக்குவதற்குப் பதிலாக இரண்டு அடி அடித்தால் என்ன?

நீங்கள் அனுமதி கொடுத்தாலும் அடிக்கக் கூடாது. உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டையுமே கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடுக்கிறது. மீறும் ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-ல், கல்வி விதிகளிலிருந்து அடிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, சாதியைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இதில் சேரும்.

என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். பிரம்பு உடைந்த கதையை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அடி வாங்கி, பாதியில் பள்ளியை விட்டவன் அந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை.

கையில் கலர் கயிறு கட்டியதற்கு நடவடிக்கை என்கிறார்கள். சாமி கயிறுதானே?

சாமி கயிறு எது, சாதிக் கயிறு எது என்று பிள்ளைகளுக்கே நன்றாகத் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் சாதி வெறியில் சக மாணவர்கள் வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. அந்தக் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறுகளைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. தருமபுரியில் இருப்பவர்களுக்கு 2012-ல் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்ததை நினைவுபடுத்தத் தேவையில்லை. கயிற்றை அறுப்பதில் பள்ளி கறாராக இருக்கட்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கட்டியவனை விரட்டினால், அவனுக்குக் கயிறு கட்டிவிட்ட அண்ணன்மார்களோடு முழுநேரமும் சுற்றப் போகிறான். கயிற்றை வாங்கி வை, பிள்ளையை வைத்துக்கொள் என்பேன்.

பெண் பிள்ளை. நோட்டில் லவ் லெட்டர் இருந்தது. ‘பள்ளிப் பேர் கெட்டுடும், கூட்டிட்டுப் போங்க’ என்கிறார்கள்.

இதற்கு மட்டும் நான் நிதானமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

நம் இரண்டு மாவட்டத்திலும் பதினைந்து வயசுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து அனுப்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியும். வீட்டில் ஒரு வாரம் அழுகை, அதற்குள் மாமன் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். ஆடிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்பார்கள். வெளியூர்க் கோயிலில் வைத்து விடியற்காலையில் தாலி. பதினெட்டுக்கு முன் கல்யாணம் செய்து வைத்தால் இரண்டு வருடம்வரை சிறை என்று 2006-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மீற வழி செய்து கொடுத்தது ஒரு டி.சி. என்பது எந்த வழக்கிலும் எழுதப்படாது. கடிதம் எழுதிய பையன் பெரும்பாலும் அதே வகுப்பில் படித்துக்கொண்டிருப்பான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோருக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2022-லிருந்து கொடுக்கிறார்கள். நடுவில் நின்றால் போச்சு.

கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் அடியுங்கள். சொன்னது யார் என்று வெளியே தெரியாது.

போலீஸில் ஒப்படைத்துவிடுவோம் என்று பள்ளி சொல்கிறது. பையனுக்கு ரெக்கார்டு ஆகிவிடுமா?

பதினெட்டு வயது ஆகாதவர் எல்லாரும் சட்டப்படி குழந்தைதான். சாதாரணக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. கொடுங்குற்றத்துக்கும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததற்கும் வழி வேறு. பெஞ்சை உடைத்ததற்கு ஸ்டேஷன் என்பது பயமுறுத்தல்.

அப்படியானால் எதற்குமே ஜீரோ டாலரன்ஸ் கூடாதா?

ஒன்றுக்கு வேண்டும். பிள்ளை மேல் கை வைக்கிற பெரியவருக்கு.

2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறியது வெளியே வந்தது. தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். போக்சோ சட்டத்தில் பிரிவு 19 இருக்கிறது. சந்தேகம் வந்தாலே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம்வரை சிறை. ‘நாங்களே உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கறோம்’ என்பதற்கு இங்கே இடம் கிடையாது. முடி வெட்டுக்கு விசாரணையே இல்லாமல் நீக்குகிற சில பள்ளிகள், இந்த விஷயத்தில் மட்டும் மூன்று மாதம் விசாரிக்கும். நன்றாகக் கவனித்துப் பாருங்கள்.

ஆசிரியரின் கேள்வி: அடிக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. நாங்கள் என்னதான் சார் செய்வது? ஐம்பது பேர் இருக்கும் வகுப்பு.

நியாயமான கேள்வி. ஒருத்தனால் நாற்பத்தொன்பது பேர் படிக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆசிரியை மேல் நாற்காலியைத் தூக்கிய பையனையும் நான் பார்த்திருக்கிறேன். அவனை அன்றைக்கே வகுப்பிலிருந்து பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிப்பது வேறு, பள்ளியை விட்டு அனுப்புவது வேறு. என் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பாடம் எழுதச் சொன்னேன். மதியச் சாப்பாடு மட்டும் மற்றவர்களோடு. இரண்டாம் நாள் மாலைதான் பேசினான். அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்க அடித்திருக்கிறார். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டான், கால் உடைந்த நாற்காலியைத் தச்சரிடம் அவனே தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்தான். ஆசிரியைக்கு அவன் மேல் பயம் போக ஒரு பருவம் ஆனது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ‘பெற்றோரைக் கூட்டி வா’ என்று சொல்வதற்கு முன் பெற்றோர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பென்னாகரம் பக்கத்தில் பல வீடுகளில் பாட்டியும் பிள்ளையும்தான். அப்பா பெங்களூரிலிருந்து வந்துபோனால் இரண்டு நாள் கூலி போகும். போனில் பேசலாம், இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கே போகலாம். நான் போயிருக்கிறேன், காப்பிகூடக் கிடைக்கும்.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் அதிகம். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் பேசலாம். அடி, பாலியல் தொல்லை என்றால் 1098.

டி.சி. வாங்கிப் போன பிள்ளையைத் திரும்பச் சேர்க்க முடியுமா?

முடியும். டி.சி. கொடுத்ததும், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பெயர் ‘காமன் பூல்’ பட்டியலுக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். எடுக்க ஒரு தலைமையாசிரியர் மனசு வைத்தால் போதும்.

அந்தக் கூல் லிப் பையனின் பெயரை எட்டு மாதம் கழித்து நானே அந்தப் பட்டியலில் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. அன்று மாலையே பாட்டி வீட்டுக்குப் போனேன். பையன் அப்பாவோடு பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறானாம். “நாளைக்கே வரச்சொல்லுங்கம்மா, நானே சேர்த்துக்கறேன்” என்றேன். பாட்டி திண்ணையில் துண்டை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்:

“இப்ப வாரத்துக்கு மூவாயிரம் கொண்டாறான் சாமி. இனிமே எங்க வரப்போறான்.”